லாரியக்காவின் தாகம்

எங்கள் காம்பவுண்டுப் பொதுக் கக்கூஸின் தாழ்ப்பாள் தேய்ந்துபோனதற்கு ஒரே ஆள்தான் காரணம் என்று என் மாமியார் சொல்வார். அவர் சொல்வதில் பாதியை நான் நம்புவதில்லை. இது அந்தப் பாதியில் சேராது. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்தெரு. ஒரே வாசலுக்குள் ஏழெட்டுக் குடித்தனம், எல்லோருக்கும் சேர்த்து ஒரு கக்கூஸ், ஒரு அடிபம்பு. கல்யாணமாகி நான் வந்த மறுநாள் காலையிலேயே அந்தச் சத்தம் காதில் விழ ஆரம்பித்துவிட்டது. டடக்கென்று தாழ்ப்பாள் போடும் சத்தம், டடக்கென்று எடுக்கும் சத்தம். என் சமையல்கட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே அந்தக் கதவு. அரிசி களைவதற்குள் ஒரு தடவை, உலை கொதிப்பதற்குள் இன்னொரு தடவை. யாருக்கு வயிற்றுப்போக்கு என்று மாமியாரிடம் கேட்டேன். வயிறெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, அது எதிர்வீட்டு அக்கா, தண்ணீர் குடிப்பதும் போவதும்தான் அவளுக்கு வேலை என்றார்.

அக்கா நல்ல உயரம், ஒல்லி. கையில் எப்போதும் மூடி போட்ட எவர்சில்வர் சொம்பு. பேசும்போது குடிப்பாள், துணி துவைக்கும்போது குடிப்பாள், ஜெபமாலை சொல்லும்போது ஒவ்வொரு பத்து முடியும்போதும் ஒரு மடக்கு குடிப்பாள். குடித்தது உடம்பில் தங்காது. நிறமே இல்லாமல் பச்சைத் தண்ணீராகப் போகிறது என்று வெட்கப்படாமல் அவளே சொல்வாள். ஒரு மணி நேரம் தண்ணீர் இல்லையென்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், கண் இருட்டும். தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும் நாளில் பிள்ளைகள் லாரிக்கு லாரி வந்திருக்கிறது என்று கத்துவார்கள். லாரியக்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான். அவள் கோபித்துக்கொண்டதில்லை. வெயிலில் விளையாடும் அதே பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தி, சொம்பை வாயில் கவிழ்த்துவிட்டுத்தான் விடுவாள்.

எனக்கு முன்கோபம் அதிகம். மறைக்க ஒன்றுமில்லை. அந்த வருஷக் கோடையில் லாரி வராமல் போன ஒரு நாளில், வாசலில் நின்று அக்காவைக் கத்தித் தீர்த்தேன். ஒரு ஊரே குடிக்கிற தண்ணீரை ஒருத்தி குடித்தால் மற்றவர்கள் நாக்கை நக்குவதா என்று கேட்டேன். மறுநாள் காலையில் கக்கூஸுக்குள் போனால், மூலையில் ஒரு நீல டிரம் விளிம்புவரை நிரம்பியிருந்தது. கோயில் வளாகத்து உப்புத் தண்ணீர். எங்கள் நல்ல தண்ணீரில் ஒரு குவளைகூடக் கழுவப் போகக் கூடாதென்று விடிவதற்கு முன்னால் குடம் குடமாகச் சுமந்திருக்கிறாள். அன்று தொடங்கியது. அதற்கப்புறம் அந்த டிரம் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை, அவள் இருந்தவரைக்கும்.

மற்றவர்கள் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள் அல்லவா, அக்கா "ஒன்னுக்குப் போனியா" என்று கேட்பாள். ஆபீசுக்குக் கிளம்பும் என்னை வாசலில் நிறுத்திக் கேட்பாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் வீட்டுக்காரரையும் கேட்பாள். மேலே ஏறி உட்கார்ந்துவிட்டால் சீக்கிரம் இறங்க முடியாதே என்ற கவலை அவளுக்கு. அந்த மனுஷன் காது சிவந்துபோய்த் திரும்ப உள்ளே ஓடுவார். ஒரு தடவை கோயிலில் கல்யாணம். வெள்ளை கவுன், தலையில் வலை, கையில் பூங்கொத்து என்று மணப்பெண் வாசலில் நிற்கிறாள். உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது. அக்கா போய் அவள் காதில் அதே கேள்வியைக் கேட்டாள். பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. காலையிலிருந்து கேட்க ஆளில்லாமல் அடக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அக்கா அவளைப் பக்கத்து வழியாக இழுத்துக்கொண்டு போனாள். ஃபாதரும் மாப்பிள்ளையும் பாட்டுக்காரர்களும் காத்திருந்தார்கள். திரும்பி வந்த பெண்ணின் முகத்தில்தான் கல்யாணக் களையே வந்தது.

அவளோடு வெளியே போனால் பஸ் எண் பார்த்து ஏறமாட்டாள், வழியில் எங்கே கக்கூஸ் இருக்கிறது என்று பார்த்துத்தான் ஏறுவாள். எந்த பெட்ரோல் பங்கில் சாவி தருவார்கள், எந்த ஸ்டேஷனில் கதவு பூட்டியிருக்கும், எந்த மண்டபத்தின் பின்பக்கம் திறந்திருக்கும் என்று வடசென்னை முழுக்க அத்துப்படி. காசிமேட்டில் மீன் விற்கும் பெண்கள் விடியற்காலை வந்து உட்கார்ந்தால் மதியம்வரை எழுந்திருக்கமாட்டார்கள். போக இடமில்லை என்பதால் தண்ணீரே குடிக்கமாட்டார்கள். அக்கா மீன் வாங்கப் போய் அவர்களோடு சண்டை போடுவாள். "குடிக்காம கீறது ரொம்ப சுலுவா கீதா? கிட்னி உள்ள அழுவும், உனுக்குத் தெரியாது" என்பாள். வலைக் கிடங்கு ஒன்றின் காவலாளியைப் பிடித்துப் பேசிப் பேசி, உள்ளே இருந்த கக்கூஸை அந்தப் பெண்களுக்குத் திறக்கவைத்தவள் அவள்தான். அதற்குப் பிறகு அவளுக்கு எப்போதும் கூடவே ஒரு கைப்பிடி நெத்திலி விழும்.

இந்தத் தாகம் அவளுக்குப் பிறவியில் வந்ததில்லை. மகள் ஸ்டெல்லா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அக்காவும் அவள் புருஷனும் ஸ்கூட்டரில் எண்ணூர் ரோட்டில் வந்திருக்கிறார்கள். பின்னாலிருந்து ஒரு கன்டெய்னர் லாரி தட்டிவிட்டது. அவர் அங்கேயே போய்விட்டார். அக்காவுக்குத் தலையில் அடி. ஆஸ்பத்திரியில் கண் திறந்தவுடன் அவள் கேட்டது தண்ணீர். அன்றைக்கு ஆரம்பித்த தாகம் நிற்கவே இல்லை. புருஷன் போன ஏக்கம் தொண்டையில் நிற்கிறது, அதுதான் தண்ணீர் கேட்கிறது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அவளும் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். யாராவது மறுகல்யாணம் என்று பேச்செடுத்தால் சொம்பைத் தூக்கிக் காட்டுவாள். "இது நிக்கட்டும், அப்பால பாக்கலாம்."

லாரிக்காரன் மேல் அவளுக்குத் தீராத கோபம் இருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். துறைமுகத்துக்குள் போகக் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நாள் முழுக்க நகராது. டிரைவர்கள் இறங்கவும் முடியாமல், தண்ணீருக்கும் வழியில்லாமல் கேபினுக்குள் வெந்துகொண்டிருப்பார்கள். அக்கா பெரிய கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு லாரியாகப் போய் ஊற்றுவாள். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. இவர்களில் ஒருத்தன்தானே உன் தாலியை அறுத்தான் என்று கேட்டேவிட்டேன். அக்கா கேனைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"அவனுக்கும் இதே மேரி தாகமா இருந்துருக்கும் விஜி. கண்ணு இருட்டியிருக்கும். எனுக்கு இருட்டுதே, தெரியாதா? யாராச்சும் ஒரு கிளாஸ் தண்ணி குடுத்து இருந்தாங்கன்னா எங்க வூட்டுக்காரரு இன்னிக்கு உசுரோட இருந்துருப்பாரு."

நான் குனிந்து கேனை என் இடுப்புக்கு எடுத்துக்கொண்டேன்.

எல்லோரும் அவளுக்குச் சர்க்கரை என்றே நம்பினார்கள். தாகம், அடிக்கடி போவது, இளைப்பு, வேறென்ன. ஆனால் எத்தனை முறை பார்த்தாலும் ரத்தத்தில் சர்க்கரை இல்லை. பார்த்தவர்கள் மனசு சம்பந்தப்பட்டது என்று அனுப்பிவிட்டார்கள். கடைசியில் நான்தான் விடாப்பிடியாகப் பெரியாஸ்பத்திரி ஒன்றுக்கு அழைத்துப் போனேன். அங்கே ஒரு சின்ன வயது டாக்டரம்மா தலையில் அடிபட்ட கதையைக் கேட்டவுடன் பேனாவைக் கீழே வைத்தார். வார்டில் சேர்த்து, தண்ணீர் கொடுக்காமல், எடை பார்த்து, சிறுநீரைப் பிடித்துப் பார்த்துச் சோதித்தார்கள். உடம்பில் தண்ணீர் குறைந்தால் யாருக்கும் சிறுநீர் கெட்டியாகி, அளவு சுருங்கும். அக்காவுக்குச் சுருங்கவே இல்லை. எடை இறங்கிக்கொண்டே வந்தது, சிறுநீர் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அவள் அழுதாள், கண்ணில் தண்ணீர் வரவில்லை.

பிறகு மருந்து கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் நின்றது. டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி. உடம்பில் தண்ணீர் குறையும்போது, இருப்பதை வெளியே விடாதே, பிடித்து வை என்று சிறுநீரகத்துக்கு ரத்தத்தின் வழியாக அது சேதி அனுப்பும். அக்காவுக்கு அடிபட்டதில் அந்தச் சேதி நின்றுபோனது. சிறுநீரகத்தில் குற்றமில்லை, சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான். அந்தச் சேதியை இனி மாத்திரை சொல்லும்.

அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாயின் வால்வைத் திறக்கவும் மூடவும் ஓர் ஆள் வருவார். அவர் மூட மறந்துவிட்டுப் போனால் தெரு முழுக்க ஆறாக ஓடும். "என் வால்வுக்காரன் அன்னிக்கு ரோட்டுலயே போய்ட்டான், அப்டித்தானே டாக்டர்?" என்றாள். டாக்டரம்மா சிரித்துவிட்டு, ஒரு விஷயத்தை மட்டும் சிரிக்காமல் சொன்னார். அதிகமாகவும் குடிக்க வேண்டாம், தாகம் எடுத்தால் மட்டும் குடிக்க வேண்டும். மாத்திரை ஒரு வேளை கிடைக்கவில்லையென்றால் பழையபடி தண்ணீர் குடித்துச் சமாளிக்கலாம். ஆனால் மாத்திரையும் இல்லாமல், தண்ணீரும் இல்லாமல் ஒரு பொழுதுகூட இருக்கக் கூடாது. இருந்தால் உயிருக்கு ஆபத்து. நானும் கேட்டேன், அவளும் கேட்டாள்.

வெளியே வந்து ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்ததும் அக்கா அழ ஆரம்பித்தாள். நோய்க்குப் பெயர் கிடைத்த சந்தோஷம் என்று நினைத்து முதுகைத் தடவினேன். அவள் வேறு சொன்னாள்.

"அப்போ இது அவருக்காக இல்லியா விஜி? இத்தினி வருசமா அவரு நெனப்புதான் தொண்டையில நிக்குதுன்னு நெனச்சிகினு இருந்தேனே. வெறும் பட்டாணியா?"

டீ வாங்கிக் கொடுத்தேன். பாதியை வைத்துவிட்டாள். அவள் ஒரு பானத்தைப் பாதியில் வைத்ததை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஒரு நல்ல காலம் வந்தது. மற்றவர்களுடையதைப் போலவே அவளுடைய தாழ்ப்பாள் சத்தமும் எப்போதாவதுதான் கேட்கும். பூசைக்குப் போனால் பக்கத்துக் கதவோரம் உட்காரும் பழக்கத்தை விட்டு, நட்டநடுவில் பெஞ்சில் உட்கார்ந்து முழுப் பிரசங்கமும் கேட்டாள். கேட்டுவிட்டு வந்து, இவ்வளவு நீளமாகவா பேசுகிறார் அந்தச் சாமி என்று ஆச்சரியப்பட்டாள். ஸ்டெல்லாவை எர்ணாவூரில் கட்டிக் கொடுத்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடும் மருமகனோடும் முகத்துவாரக்குப்பம் போய், கடலும் ஆறும் சேரும் இடத்தில் சாயங்காலம் முழுக்க ஒருமுறைகூட எழுந்திருக்காமல் உட்கார்ந்துவிட்டு வந்ததாக என்னிடம் சொன்னாள். ஏதோ விமானத்தில் போய் வந்த பெருமை அவள் முகத்தில். சொம்பை மட்டும் விடவில்லை. யாருக்காவது வேண்டியிருக்கும் என்பாள்.

ஸ்டெல்லாவுக்கு இரண்டு கர்ப்பம் தங்காமல் போயிருந்தது. மூன்றாவது ஏழாம் மாதம் வரை வந்தது. ஸ்கேன் பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். பனிக்குடத்தில் தண்ணீர் குறைவாக இருக்கிறது என்றார் டாக்டர். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அக்கா கேட்டாள். பெரும்பாலும் குழந்தையின் சிறுநீர்தான், குழந்தை அதைக் குடிக்கும், போகும், திரும்பக் குடிக்கும் என்று டாக்டர் விளக்கினார். அக்கா வாழ்நாள் முழுக்கக் கேட்டுவந்த கேள்வியைத்தான் கேட்டாள். "கொழந்தை ஒன்னுக்குப் போவலியா டாக்டர்?" கொஞ்சம் கம்மியாகப் போகிறது என்றார் டாக்டர். ஸ்டெல்லாவைச் சேர்த்துக்கொண்டார்கள். படுத்தே இருக்க வேண்டும், நிறையக் குடிக்க வேண்டும், அடிக்கடி பார்த்துக்கொள்ளலாம், பயப்பட வேண்டாம் என்றார்கள்.

வார்டு வாசலில் ஸ்டெல்லாவின் மாமியார் நின்றிருந்தார். கெட்ட மனுஷி இல்லை. வாய்தான் கொஞ்சம் முந்தும். "வூட்டுத் தண்ணியெல்லாம் ஆத்தாக்காரியே குடிச்சுப்புட்டா, பொண்ணு வயித்துல எங்கேந்து நிக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்களும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சொம்பை மடியில் வைத்துக்கொண்டாள். திருவொற்றியூர் தாண்டியதும் கேட்டாள், நான் எடுத்துகினது யார் பங்கு விஜி என்று. பைத்தியமா உனக்கு என்று அதட்டினேன். உன் வால்வுக்கும் அவள் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம், டாக்டர் சொன்னது காதில் விழவில்லையா என்று கேட்டேன். விழுந்தது என்று தலையாட்டினாள். நான் நம்பிவிட்டேன்.

அது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தின் கடைசி வாரம். பெரிய வெள்ளியன்று எங்கள் தெரு கிறிஸ்தவர்களில் பலர், இயேசு உயிர்விட்ட நேரமென்று சிலுவையை முத்தமிடும் மதியம் மூன்று மணிவரைக்கும் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள். சந்தி இருப்பது என்பார்கள். யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை, நோயாளிகளுக்கு அது இல்லவே இல்லை. அடிபட்டதிலிருந்து அக்கா அந்தச் சந்தியை இருந்ததில்லை, இருக்கவும் முடியாது. அந்தக் குறை அவளுக்கு உண்டு. அதற்குப் பதிலாகத்தான் ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் காம்பவுண்டு வாசலில் துணிப் பந்தல் போட்டு, சிலுவைப் பாதை ஊர்வலத்தில் நடந்து வரும் பிள்ளைகளுக்கும் வயசானவர்களுக்கும், வழியில் போகும் லாரிக்காரர்களுக்கும் மோர் ஊற்றுவாள்.

அன்று காலை நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். டடக். எதிர்க் கதவு. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் டடக். பழைய நாட்கள் போலவே. ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு, மாத்திரை போட்டாயா என்று கேட்டேன். இன்றைக்குப் பெரிய வெள்ளி, கத்தாதே என்று சிரித்துவிட்டுப் போனாள். போட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அந்த நாளில் பொய் சொல்லக் கூடாதென்று நினைத்திருப்பாள்.

பங்குனி வெயில் கோயில் சுவரில் பட்டு அப்படியே தெருவில் அடித்தது. சிலுவைப் பாதை கடந்து போனது. அக்கா பந்தலில் நின்று ஊற்றிக்கொண்டே இருந்தாள். நானும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தேன். உப்பும் இஞ்சியும் சரியாக இருந்தது. அவள் ஊற்றியதில் கொஞ்சம் டம்ளருக்கு வெளியே என் புடவையில் சிந்தியது. நிமிர்ந்து பார்த்தேன். உதடு வெடித்து வெள்ளையாகக் காய்ந்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. நீ குடித்தாயா என்று கேட்பதற்குள், அடுத்து நின்ற கிளீனர் பையன் பக்கம் டம்ளரை நீட்டியபடியே சரிந்துவிட்டாள்.

வெயில் மயக்கம் என்று எல்லோரும் கூடிவிட்டார்கள். முகத்தில் தெளித்தார்கள். நான் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மாத்திரை, மாத்திரை என்று கத்தினேன். அவள் தலையை அசைத்தாள். வாயில் எதுவும் படக் கூடாது, சந்தி என்றாள். நாக்கு புரளாமல் பேச்சு குழறியது. ஸ்டெல்லா வயிற்றுக்குத் தண்ணீர் வேண்டி நேர்ந்துகொண்டேன் என்றாள். விழுங்கும் மாத்திரையும் சந்தியை முறித்துவிடும் என்று அதையும் முந்தின ராத்திரியிலிருந்தே நிறுத்தியிருக்கிறாள். தண்ணீரும் இல்லை, மாத்திரையும் இல்லை. ஒரு பொழுதுகூட இருக்கக் கூடாது என்று அந்த டாக்டரம்மா சொன்னது எதுவோ, அதையே செய்திருக்கிறாள்.

சொம்பை வாயில் வைத்தேன். பல்லை இறுக்கிக்கொண்டாள். கோயில் பெரியவர் ஒருவர் குனிந்து, குடிம்மா, ஆண்டவர் கோவிச்சுக்கமாட்டார் என்று கெஞ்சினார். அவள் என்னைத்தான் பார்த்தாள்.

"மூணு ஆச்சா விஜி?"

ஆகவில்லை. நண்பகலே இன்னும் சரியாகத் தாண்டவில்லை. பெரிய வெள்ளியன்று கோயிலில் மணி அடிக்கமாட்டார்கள், அதனால் அவளுக்கு நேரம் தெரிய வழியில்லை. ஆச்சு அக்கா, இப்போதுதான் ஆச்சு என்றேன். சுற்றி நின்ற அத்தனை கிறிஸ்தவர்களும் வாயைத் திறக்கவில்லை. அக்கா என்னை நம்பி வாயைத் திறந்தாள். கொஞ்சம் உள்ளே போனது, மீதி கழுத்தில் வழிந்தது.

ஆம்புலன்ஸில் போகும்போதே வலிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் என்னால் முடிந்தவரை எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் முழுக்க வெளியே போய், ரத்தத்தில் உப்பு ஏறிவிட்டது என்றார்கள். தண்ணீரை ஒரேயடியாக ஏற்றவும் முடியாது, ஏற்றினால் மூளை வீங்கும், உப்பை மெதுவாகத்தான் இறக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் படாத பாடு பட்டார்கள். பாட்டில் சொட்டுச் சொட்டாக இறங்குவதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். காலமெல்லாம் மடக்கு மடக்காகக் குடித்தவளுக்குச் சொட்டு. ஈஸ்டர் மணி அடித்தபோதும் அவளுக்கு நினைவு திரும்பவில்லை. மறுநாள் போய்விட்டாள்.

ஸ்டெல்லாவைப் படுக்கையோடு அழைத்து வந்து காட்டிவிட்டு அழைத்துப் போனார்கள். அடக்கத்துக்குக் கன்டெய்னர் லாரிக்காரர்கள் வந்திருந்தார்கள். காசிமேட்டுப் பெண்கள் கூடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

அடுத்த ஸ்கேனில் பனிக்குடத்துத் தண்ணீர் ஏறியிருந்தது. தெரு முழுக்க அதே பேச்சு. தாய் நேர்ந்த நேர்ச்சை பலித்துவிட்டது, தன் தண்ணீரைப் பேரப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போனாள் என்றார்கள். கல்லறையில் டம்ளரில் தண்ணீர் வைக்க ஆரம்பித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படுக்கையில் கிடந்ததற்கும் ஏற்றிய மருந்துக்கும் அது ஏறியது, அவள் அன்று மாத்திரையைப் போட்டிருந்தாலும் ஏறியிருக்கும் என்று ஒவ்வொருவரிடமும் சண்டை போட்டேன். ஒருத்தரும் கேட்கவில்லை. ஸ்டெல்லாவின் மாமியார் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் சிரிச்சுக்கினு சொன்னேன்மா, சும்மா சிரிச்சுக்கினு சொன்னேன் என்று அழுதார். அவரிடம் என்னால் சண்டை போட முடியவில்லை.

ஸ்டெல்லா ஒரே ஒருமுறைதான் கேட்டாள், எனக்காகத்தான் அம்மா செத்துதா அக்கா என்று. இல்லை என்றேன். இல்லை என்பது உண்மையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

குழந்தை நாளுக்கு முன்னாலேயே பிறந்தது, ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பையன். சின்ன உருவம், ஆனால் குரல் பெரிசு. பனிக்குடத்தில் தண்ணீர் குறைவாக இருந்த பிள்ளை என்பதால் சிறுநீர் போகிறானா என்று பார்க்க வேண்டும், போனவுடன் சொல்லுங்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். காத்திருந்தோம். அக்காவின் மருமகன் கதவருகில், ஸ்டெல்லாவின் மாமியார் ஸ்டூலில், நான் குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு. நர்ஸ் வந்து கேட்டார், இல்லை என்றோம். திரும்ப வந்து கேட்டார், இல்லை என்றோம். ஸ்டெல்லா தையல் வலியோடு தலையைத் திருப்பிக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவள் அங்கே இல்லை.

வெயில் ஜன்னலைத் தாண்டி இறங்கும் நேரத்தில் என் தொடையில் சூடாகப் பட்டது. துணி நனைந்து, புடவை நனைந்து, தரையில் சொட்டியது. போயிட்டான், ஸ்டெல்லா, போயிட்டான் என்றேன். மாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். மருமகன் நர்ஸைக் கூப்பிட ஓடினான்.

ஸ்டெல்லா சிரித்தாள். சிரிப்பு அப்படியே முகத்தில் இருக்க, தலையணைக்குப் பக்கத்தில் இருந்த செல்போனை எடுத்துத் தடவி, அம்மா என்றிருந்த நம்பரைக் கண்டுபிடித்தாள். அழுத்தப் போன விரல் நடுவில் நின்றது.

"ஒன்னுக்குப் போய்ட்டான்னு யார்கிட்டக்கா சொல்றது?" என்றாள்.